பெட்டி பாடக்கூடாது

சொந்தமா ஸ்பீக்கர் பெட்டி செய்யப் போறீங்களா? ப்ளைவுட் வாங்குறதுக்கு முன்னாடி கில்பர்ட் பிரிக்ஸைத் தெரிஞ்சுக்கோங்க.

1890-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். எஞ்சினியர் இல்லை, துணி வியாபாரத்தில் இருந்தவர். 1932-ல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, இல்க்லி ஊரில் தன் வீட்டு நிலவறையில் முதல் ஸ்பீக்கரைச் செய்தார். அந்த ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் பேரையே கம்பெனிக்கு வெச்சார்: வார்ஃப்டேல்.

ஸ்பீக்கர் மட்டும் நல்லா இருந்தா போதாது. கோன் அதிரும்போது பெட்டியின் பலகையும் அதிரும். பாட்டில் இல்லாத சத்தம் கலந்துவிடும். உள்ளே குறுக்குச் சட்டம் அடித்தால் பலகை விறைப்பாகும். ஆனா அதிர்வு அழியாது, மேல் அதிர்வெண்ணுக்கு நகரும், அவ்வளவுதான். அதனால் பிரிக்ஸ் இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலை நிரப்பினார். எடை கூடியது, மணல் துகள்கள் உரசி அதிர்வைச் சூடாக்கி விழுங்கின.

1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், நேரடி இசையையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, கூட்டத்தையே ஒப்பிட்டுப் பார்க்க வைத்தார். 1978-ல் மறைந்தார்.

நீங்க செஞ்ச பெட்டியை விரலால் தட்டிப் பாருங்க. டொக்குனு அடங்கினா சரி. டங்குனு இழுத்தா, வேலை இன்னும் முடியல.