மின்தடை மறைந்த நாள்

மீக்கடத்தி என்றதும் எங்கள் வகுப்பில் பலருக்கு அந்தரத்தில் மிதக்கும் ரயிலும் செலவில்லாத மின்சாரமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மீக்கடத்தி மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. பாயும் மின்னோட்டத்தை வெப்பமாக வீணாக்காமல் விடும், அவ்வளவே. 2023 இல் தென்கொரியாவிலிருந்து அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று ஒரு செய்தி வந்து கைத்தொலைபேசியெங்கும் பரவியது. சில வாரங்களில் அது பொய்த்துப்போன செய்தி அவ்வளவு வேகமாகப் பரவவில்லை. அப்போதுதான், இதையெல்லாம் தொடக்கிவைத்த ஹைக்கே காமர்லிங் ஒன்னஸைப் பற்றித் தேடி வாசித்தேன்.

அவர் 1853 இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பிறந்தவர். தந்தைக்குச் செங்கல் தொழில். 1882 இல், இருபத்தொன்பது வயதில், லெய்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரானார். உடல்நலம் எப்போதும் மட்டுமட்டு. போதாக்குறைக்கு, 1807 இல் வெடிமருந்துக் கப்பல் வெடித்து அழிந்த இடத்தில்தான் அவரது ஆய்வுகூடம் இருந்தது. அமுக்கிய வாயுக்களும் வெடிக்குமென ஊர் அஞ்சியதால் 1895 முதல் ஏறத்தாழ மூன்று வருடங்கள் அந்த வேலை முடங்கியது. அவர் பொறுத்திருந்தார். கருவிகள் செய்யும் இளைஞர்களைப் பயிற்றுவிக்க ஒரு பாடசாலையும் தொடங்கினார். அவருடைய வெற்றியில் பாதி அந்தப் பையன்களுடையது என்பேன்.

1908 யூலை 10 அன்று விடியற்காலை தொடங்கிய வேலை, மாலையில் ஈலியத்தைத் திரவமாக்கியது. திரவம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் முதலில் அது கண்ணில் படவேயில்லை. கீழிருந்து ஒளி பாய்ச்சிய பின்னரே தெரிந்தது. அந்த ஈலியம் அமெரிக்காவிலிருந்து வந்த மொனசைட் மணலில் எடுத்தது. நம் புல்மோட்டைக் கரை மணலிலும் மொனசைட் உண்டு!

மிகக் கடுங்குளிரில் இலத்திரன்கள் உறைந்து மின்தடை எல்லையின்றிக் கூடுமென்பது கெல்வின் பிரபுவின் கருத்து. ஒன்னஸோ அது சிறிது சிறிதாகக் குறையுமென எதிர்பார்த்தார். வடித்துச் சுத்தமாக்க வசதியென்று இரசத்தைத் தெரிந்தெடுத்தார்கள். 1911 ஏப்ரலில், ஏறத்தாழ 4.2 கெல்வினில், மின்தடை திடீரென அளவிட முடியாதபடி மறைந்தது. அளவீடுகளைச் செய்தவர் கிலெஸ் ஹோல்ஸ்ட். கட்டுரைகளோ ஒன்னஸின் பெயரில் மட்டுமே வெளிவந்தன. இது எனக்கு உறுத்துகிறது.

சுத்தமான உலோகத்தில் மட்டுமே இது நடக்குமென்ற எண்ணமும் நிலைக்கவில்லை. தங்கமும் கட்மியமும் கலந்த இரசத்திலும் மின்தடை மறைந்தது. கலப்புலோகங்களுக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

1913 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈயக் கம்பிச் சுருளால் மிக வலிமையான காந்தம் செய்யலாமென்று அவர் கனவு கண்டார். ஆனால் காந்தப்புலம் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஈயம் மீண்டும் சாதாரணக் கம்பியாகிவிட்டது. மீக்கடத்தியில் எவ்வளவு மின்னோட்டமும் பாயலாமென்று நம்புவோர் இந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

1926 பெப்ரவரியில் அவர் காலமானார். அவர் நினைத்த காந்தம் பின்னாளில் நயோபியமும் தைத்தேனியமும் சேர்ந்த கலப்புலோகக் கம்பியால் வந்தது. பெரிய வைத்தியசாலைகளின் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களுக்குள் அந்தக் கம்பி இருக்கிறது, பெரும்பாலும் திரவ ஈலியத்தின் குளிரிலேயே.