வாளை வைத்தார், கணக்கை எடுத்தார்!

கிண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தோழர்கள் பரங்கிமலையை நாள்தோறும் பார்க்கிறார்கள். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அது பழகிப்போன மலை. ஆனால், 1802ஆம் ஆண்டிலே, அந்த மலையடிவாரத்துச் சமவெளியில் ஒரு பட்டாளத்துக்காரர் நூறு அடி எஃகுச் சங்கிலியை விரித்து, இந்திய நாட்டையே அளக்கும் ஒரு பெருங்கணக்கைத் தொடங்கினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் வில்லியம் லாம்டன். வெள்ளைக்காரர், கும்பெனிக் காலத்தவர். அவருக்குப் பரணி பாட நாம் இதை எழுதவில்லை. கும்பெனி இந்த மண்ணை அளக்க விரும்பியதற்குக் காரணம் பாசமல்ல. படை நடத்த வழி தெரியவேண்டும், வரி வாங்க நிலம் தெரியவேண்டும். அதை மறந்துவிட்டு நாம் பேசவில்லை. ஆயினும், துப்பாக்கி பிடித்த கை கணக்கும் பிடிக்கும் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று. அந்தச் சான்று இன்று நமக்குத் தேவைப்படுகிறது.

யார்க்‌ஷயரிலே எளிய குடும்பம் ஒன்றில், 1750களில் பிறந்தவர் லாம்டன். மாளிகையில் பிறக்கவில்லை; சிபாரிசுக்கு மாமன் மைத்துனன் இல்லை. பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போரின்போது கடல் கடந்து அனுப்பப்பட்டார். 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது, சிறைப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு பல ஆண்டுகள் கனடா நாட்டுப் பகுதியிலே, படைவீரர் குடியிருப்புகளுக்கு மேற்பார்வை. பதவி உயர்வு இல்லை, பார்ப்பாரும் இல்லை. மற்றவர்கள் மதுக்கிண்ணத்தோடு மாலைப்பொழுதைக் கழித்தார்கள். அவரோ கணிதநூலோடு கழித்தார்!

நாற்பது வயதைக் கடந்து, வெறும் லெப்டினன்டாகத்தான் 33ஆம் படைப்பிரிவோடு இந்தியாவுக்கு வந்தார். 1799இல் சீரங்கப்பட்டணத்துப் போர். ஓர் இரவு, தளபதி பெயர்டு தலைமையில் ஒரு படை இருட்டிலே நடந்துகொண்டிருந்தது. தெற்கே போவதாக எல்லோருக்கும் எண்ணம். லாம்டன் வானத்தைப் பார்த்தார். விண்மீன்களின் நிலை வேறு கதை சொல்லிற்று. படை வடக்கே, திப்புவின் பாசறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது! அவர் சொன்னதைத் தளபதி முதலில் ஏற்கவில்லை. பிறகு திசைகாட்டியைப் பார்த்து உண்மை தெரிந்து படையைத் திருப்பினார். கனடாவிலே தனிமையில் படித்த படிப்பு, மைசூர்ச் சீமையிலே உயிர்காத்தது.

போர் முடிந்ததும் அவர் ஒரு திட்டத்தை அரசின் முன்வைத்தார். தென்னாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முக்கோணங்களால் அளப்பது என்பது அந்தத் திட்டம். அந்த வித்தை எளியதுதான். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்துகொண்டு, கோணங்களைக் கருவியால் பார்த்துவிட்டால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கே சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. ஆனால், முதல் பக்கத்தை அளப்பதில் ஓர் அங்குலம் பிசகினால், அந்தப் பிசகு கடைசிவரை கூடவே வரும்.

சென்னை நிதிக்குழுவிலே இருந்த ஒருவர், இதெல்லாம் வீண்செலவு என்று கருதினாராம். சீரங்கப்பட்டணம் போகவேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதும், அவர்களுக்கு வழி தெரியும் என்பது அவர் வாதமாம்! பாட்டாளியின் தோளிலே பயணம் செய்து பழகியவருக்கு வேறென்ன தோன்றும்?

திட்டம் நிறைவேறிற்று. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலைப் பக்கத்தில் தொடங்கி, தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை, ஏழரை மைல் அளந்தார்கள். சென்னையின் சித்திரை வெயில் எப்படிப்பட்டது என்று நாம் சொல்ல வேண்டுமா? வெயிலில் எஃகு நீளும்; நீண்டால் அளவு பொய்யாகும். ஆகவே, சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள்ளே கிடத்தி, பக்கத்திலே வெப்பமானிகளை வைத்து, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினார்கள். அந்தச் சங்கிலியை நானூறு முறை தூக்கி நானூறு முறை கிடத்தியவர்கள் யார்? நம் ஊர்க் கூலிகள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கோணம் பார்க்கும் கருவியான தியோடலைட்டின் எடை அரை டன். அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அறிவியலுக்கான கருவி என்று தெரிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். 1808இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு பிசகி, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. வேறொருவராயிருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். லாம்டன் கதவைச் சாத்திக்கொண்டு, தொழிலாளர் சிலரின் துணையோடு, ஆறு வாரம் உழைத்து, நெளிந்த வட்டத்தை மெல்ல மெல்ல இழுத்து நிமிர்த்திவிட்டார்.

பலன் என்ன? சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நானூறு மைல் என்று பழைய படங்கள் காட்டின. முந்நூற்று அறுபதுதான் என்று கணக்குக் காட்டிற்று. நாற்பது மைல் நிலம் காகிதத்திலிருந்து மறைந்தது! குமரிமுனைப் பக்கத்திலிருந்து தக்காணம் வரை ஏறத்தாழப் பத்துப் பாகை அளந்தார். படைப் பட்டியலில் அவர் பெயர் கடைசிவரை இருந்தது. லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார். ஆனால், உலகம் அவரை அறிந்தது கணக்குக்காரராகத்தான். 1823 ஜனவரி 20ஆம் நாள், எழுபதை நெருங்கிய வயதில், வார்தா பக்கத்து ஹிங்கன்காட்டிலே, அளவைப் பயணத்தின் நடுவிலேயே கண்மூடினார். வெட்டவெளியிலே கூடாரமடித்து வாழ்ந்த வாழ்வு அப்படி முடிந்தது.

அவர் ஒருவரால் மட்டும் இது நடந்ததா? இல்லை. 1794இல் சென்னையிலே எட்டு மாணவர்களோடு ஒரு நிலஅளவைப் பள்ளி தொடங்கிற்று. அநாதை விடுதிச் சிறுவர்கள் அதில் பயின்றார்கள். அப்படிப் பயின்ற ஜோசுவா டி பென்னிங் லாம்டனின் வலக்கையானார். பின்னாளில் கல்கத்தாக் கணக்கு அலுவலகத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். அந்த வேலைக்கு அன்று என்ன பெயர் தெரியுமா? கம்ப்யூட்டர்! ஆம், அந்நாளில் அது எந்திரத்தின் பெயரல்ல, கணக்குப் போடும் மனிதனின் பதவிப் பெயர். 1831இல் அந்தப் பதவியில் சேர்ந்த வங்காளத்து ராதாநாத் சிக்தாரின் கணக்குதான் இமயத்தின் 15ஆம் எண் சிகரம் உலகிலேயே உயரமானது என்று காட்டிற்று என்பார்கள். சிகரத்துக்குச் சூட்டப்பட்டதோ லாம்டனுக்குப் பின் அந்த அளவைக்குத் தலைமை தாங்கிய எவரெஸ்டின் பெயர்!

சென்னையின் அந்தச் சிறு பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. இன்று அங்கே எந்திரக் கம்ப்யூட்டரைப் பற்றிய படிப்பு நடக்கிறது. அடையாற்றுப் பக்கத்துச் சாலையிலே போனால் பார்க்கலாம்.

இப்போது நம் கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகள் பதினைந்து, பதினேழு ஆண்டு பட்டாளத்தில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்புகிறார்கள். சிக்னல் பிரிவிலும் பொறியாளர் பிரிவிலும் நுட்பக் கருவிகளைக் கையாண்டவர்கள் அவர்களில் உண்டு. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் அவர்களுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்கீடு என்று விதியும் உண்டு. ஆனால், பலருக்குக் காத்திருப்பது எது? பணம் எடுக்கும் எந்திரத்தின் வாசலிலே ஒரு நாற்காலி. கையிலே ஒரு தடி! கம்ப்யூட்டருக்கு முன்னே உட்காரவேண்டியவனைக் கதவுக்கு வெளியே உட்காரவைக்கிறோம்.

லாம்டனுக்கு அறிவு மட்டும் இருந்து பயனில்லை. அரசு அவருக்குக் கருவி கொடுத்தது, ஆள் கொடுத்தது, இருபது ஆண்டு அவகாசம் கொடுத்தது. அநாதைச் சிறுவனுக்குப் பள்ளி கொடுத்தது. அவன் அலுவலகத் தலைவனானான். அந்நிய அரசு தன் நலத்துக்காகச் செய்ததை, நம் அரசுகள் நம் மக்கள் நலத்துக்காகச் செய்யக்கூடாதா? ஓய்வு பெறுமுன்பே பயிற்சி, திரும்பியதும் அரசுக் கணினித் துறையிலே இடம் என்பதைத்தான் கேட்கிறோம். பிச்சையல்ல, உழைத்தவன் உரிமை!

அடுத்த முறை பரங்கிமலையைக் கடக்கும்போது தோழர்கள் ஒரு நொடி நிமிர்ந்து பாருங்கள். அங்கே சங்கிலி தூக்கியவர்களையும் நினையுங்கள். ஊருக்குத் திரும்பி வேலை தேடும் நம் படைவீரர்களையும் நினையுங்கள்.