குரங்கம்மைக்கும் கேடயமாகுமா அம்மைப்பால்? வழிகாட்டிய திருவிதாங்கூர் அரசி

கரமனை: தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கரமனையில், முதியோரின் கைகளில் பழைய அம்மைத் தழும்பை இன்றும் காணலாம். திருவிதாங்கூரில் அம்மை குத்தும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ராணி கௌரி லட்சுமிபாய்.

1791-ஆம் ஆண்டு பிறந்த அவர், அரசர் பாலராம வர்மாவின் மறைவுக்குப் பின் 1810-இல் அரியணை ஏறினார். வாரிசுரிமைப் போட்டியும், கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய நிலுவையும் அவரை வரவேற்றன. ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவையே 1811-இல் திவானாக நியமித்தார். 1812-இல் அடிமை வணிகத்துக்குத் தடை விதித்தார். ஆயினும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட வேளாண் அடிமைகளுக்கு அந்த விடுதலை எட்டவில்லை.

1813-ஆம் ஆண்டு ஏப்ரலில் சுவாதித் திருநாளை ஈன்றெடுத்தார். அதே ஆண்டில்தான் அம்மை குத்துதல் அறிமுகமானது. அம்மை நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கருதிய மக்கள், மாட்டம்மையிலிருந்து எடுத்த பாலை உடலில் ஏற்ற அஞ்சினர். ஆணையிட்டு அச்சத்தைப் போக்க இயலாது என்பதை உணர்ந்த அரசி, முதலில் தாமும் அரச குடும்பத்தினரும் அம்மை குத்திக்கொள்ளச் செய்தார். அவருடைய ஆட்சிச் செயல்களில் மிகத் துணிவானது இதுவே எனலாம்.

1815-இல், 25 வயதை எட்டும் முன்பே அவர் காலமானார். தங்கை கௌரி பார்வதிபாய் பொறுப்பேற்றார். 1977-இல் இந்தியாவும், 1980-இல் உலகமும் பெரியம்மையற்றதாக அறிவிக்கப்பட்டன. தடுப்பூசியும் நின்றது.

ஆனால், 1970-இல் மனிதரிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்கம்மை, பழைய ஊசியை மீண்டும் பேசுபொருளாக்கியது. அம்மைப்பாலில் உள்ள வைரஸும், பெரியம்மை, குரங்கம்மை வைரஸ்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றை எதிர்க்கப் பழகிய உடல் மற்றொன்றையும் ஓரளவு அடையாளம் காணும். பெரியம்மைத் தடுப்பூசி குரங்கம்மையிலிருந்து சுமார் 85 சதவீதம் பாதுகாத்ததாக ஆப்பிரிக்காவில் முன்பு நடந்த ஆய்வுகள் மதிப்பிட்டன. எனினும் பல பத்தாண்டுகளுக்கு முன் குத்திக்கொண்டவர்களிடம் அந்த ஆற்றல் குறைந்திருக்கும்; நோய் அறவே வராது என்று தழும்பை நம்பியிருக்க முடியாது. இளையோரின் தோளில் உள்ள தழும்போ காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியால் வந்தது, அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளி 2022 ஜூலையில் சிகிச்சை பெற்றது திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான். பெரியம்மை ஊசி நிறுத்தப்பட்ட பின் பிறந்த தலைமுறையைச் சேர்ந்த அவர், அம்மாத இறுதியில் குணமடைந்து வீடு திரும்பினார்.