தாய்மாரின் துயர் துடைத்த லூசி வில்ஸ் அம்மையார்

எங்கோ பிறந்து நம் நாட்டுத் தாய்மாருக்காக உழைத்த மருத்துவ அறிஞர்களுள் லூசி வில்ஸ் அம்மையாரும் ஒருவர்.

இவர் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே பிறந்தார். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, 1911இல் தேர்வில் தேறினார். ஆயினும் பட்டம் கிடைக்கவில்லை! பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை என்பது அப்பல்கலைக்கழகத்தின் அந்நாளைய விதி. 1948இல்தான் அது மாறியது. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அம்மையாரோ படிப்பை விடவில்லை. லண்டனில் பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார. அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கர்ப்ப காலத்தில் கடும் இரத்தசோகையால் உயிரிழந்து வந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்திருந்தன; ஆனால் ஒவ்வோர் அணுவும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. இரும்புச் சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுத்துப் போகும். ஆகவே இது வேறு நோய். கிருமிகளைத் தேடினார், அவையும் காரணமல்ல. பிறகு அப்பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறியும் பழமும் மிகக் குறைவு! குற்றவாளி தட்டிலேதான் இருந்தது.

1929இல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆய்வு செய்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது நோயாளிப் பெண்கள் வியக்கத்தக்க விதத்தில் தேறினர். 1931இல் அம்முடிவை வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த பொருள் இன்னதென்று யாருக்கும் விளங்காததால், அதற்கு வில்ஸ் காரணி என்றே பெயர் வழங்கியது.

1941இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இந்த வைட்டமின் என்ன செய்கிறது? நம் எலும்பு மஜ்ஜையில் ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், முதலில் அதன் டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். அதற்கு வேண்டிய தைமின் என்ற பொருளை ஒரு நொதி செய்கிறது. நொதி தனியே நின்று அதைச் செய்ய இயலாது. ஃபோலிக் அமிலத்திலிருந்து உண்டாகும் துணைநொதி ஒரு கார்பன் அணுவைச் சுமந்து வந்து கொடுக்க வேண்டும். அது வராவிட்டால் அணு பிரிய முடியாமல் பெருத்துக்கொண்டே போகும். பம்பாயில் அம்மையார் கண்ட பெரிய அணுக்கள் இவைதாம்!

திருமணம் செய்துகொள்ளாத அம்மையார், லண்டனில் மருத்துவமனைக்குச் சைக்கிளிலேயே சென்று வந்தாராம். 1964 ஏப்ரல் 16இல் காலமானார்.

வாரம் ஒருமுறை வகுப்பில் எங்களுக்குத் தரும் நீல மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. இக்கட்டுரைக்காகப் படிக்கும்வரை அது எனக்குத் தெரியாது. இரண்டு முறை அதை ஜன்னல் வழியே எறிந்திருக்கிறேன். சிஸ்டர் மன்னிப்பாராக!