வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி (1886 – 1968)

மாணவர்களே, முத்துலட்சுமி ரெட்டி 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் 1954 இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். அங்கு வந்தோரில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றிய பெண்கள் பலர். அதற்குக் கதிர்வீச்சே முக்கிய சிகிச்சை. ஆனால் கட்டி பெருக்கும்போது உள்ளே குருதி போதியளவு செல்லாது, ஒட்சிசன் குறையும். அத்தகைய கலங்கள் கதிர்வீச்சால் எளிதில் அழியா. பரவும் இயல்பும் கூடும்.

நினைவிற் கொள்க: நோயை ஆரம்பத்திலேயே கண்டறிதல் வேண்டும். கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மா, ஒருநாள் பேர் போய்விடுமே எனத் தயங்குவார். 35 வயதானால் அவரைச் சுகவனிதையர் கிளினிக்கிற்குப் போகச் சொல்லுங்கள்.