வாள் எடுத்துக் கொடுத்த வாத்தியார்

சண்டைப் படம் பிடிக்காத பாலிடெக்னிக் மாணவன் யாராவது உண்டா? இருந்தால் கையைத் தூக்கலாம். ஒரு கையும் தூக்காது என்பது நமக்கே தெரியும்! மெக்கானிக்கலோ, சிவிலோ, எலக்ட்ரிக்கலோ... பாட்டு வந்தால் டீ குடிக்க வெளியே போகிற நம்ம பசங்க, ஃபைட் வந்துவிட்டால் ஓடி வந்து சீட்டில் உட்காருவார்கள். புரூஸ் லீ, ஜாக்கி சான், டோனி ஜா என்று லிஸ்ட் நீளும்.

இவர்களுக்கெல்லாம் முன்னாடியே வாளையும் கம்பையும் சுழற்றி, தமிழ்நாட்டையே விசிலடிக்க வைத்த ஒருவர், நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற தி.நகரிலும் அடையாறிலும் நடமாடினார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் வாத்தியார். ஆம் நண்பர்களே, எம்.ஜி.ஆரைத்தான் சொல்கிறேன். அவருடைய அரசியலைப் பேசப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. நாம் அவர் போட்ட சண்டைகளையும், வாங்கிய காயங்களையும் மட்டும் பார்ப்போம்.

பசியோடு போட்ட முதல் சண்டை

1917 ஜனவரி 17 அன்று இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார் ராமச்சந்திரன். தந்தை கோபாலமேனன் இறந்தபோது இவர் விவரம் தெரியாத குழந்தை. தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. காரணம் வேறென்ன, வறுமைதான்! அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார்கள். அங்கே போனால் சாப்பாடாவது கிடைக்கும் என்பதுதான் அன்றைய கணக்கு.

பாய்ஸ் கம்பெனி என்றால் ஹாஸ்டலும் வொர்க்‌ஷாப்பும் சேர்ந்த மாதிரி. பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாம் அங்கேயே சொல்லிக் கொடுப்பார்கள். தப்பு செய்தால் அடி நிச்சயம். நாம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரே இரும்புத் துண்டை நாள் பூராவும் அரம் போட்டுத் தேய்க்கிறோமே, அதுபோல ஒரே அடவைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். மேடையில் கை வீசும் பழக்கம் அவருக்கு இப்படித்தான் வந்தது. பிறகு சிலம்பம், வாள், குஸ்தி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி படத்தில் சின்னதாக ஒரு இன்ஸ்பெக்டர் வேஷம். அதற்குப் பிறகு? பதினோரு வருஷம் துண்டு துக்கடா வேஷங்கள்தான்! 1947-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ராஜகுமாரியில் கதாநாயகன் ஆனபோது அவருக்கு வயது 30. அரியர்ஸ் வைத்திருக்கிற நண்பர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்!

அந்தப் படத்தில் அவரோடு மோதியவர் கோவையைச் சேர்ந்த சாண்டோ சின்னப்பா தேவர், உடற்பயிற்சியிலேயே வளர்ந்த மனிதர். படத்தில் அடித்துக்கொண்ட இருவரும் வெளியே இணைபிரியாத நண்பர்கள். பின்னாளில் தேவர் தயாரிப்பாளர் ஆகி, 1956-ல் தாய்க்குப்பின் தாரத்தில் தொடங்கி 1972-ல் நல்ல நேரம் வரை எம்.ஜி.ஆரை வைத்து 16 படங்கள் எடுத்தார்.

சண்டைக்குள் ஒரு சட்டம்

மர்மயோகி (1951), மலைக்கள்ளன் (1954), மதுரை வீரன் (1956), நாடோடி மன்னன் (1958), ஆயிரத்தில் ஒருவன் (1965)... ஒவ்வொன்றும் ஒரு திருவிழா. பாண்டி பஜார் ராஜகுமாரி, மயிலாப்பூர் காமதேனு, மந்தைவெளி கபாலி போன்ற தியேட்டர்கள் இருந்த காலம் அது. இன்று அந்தத் தியேட்டர்கள் இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், எந்தப் படத்தில் எந்த அடிக்கு விசில் பறந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்படி என்ன இருந்தது அந்தச் சண்டைகளில்? அடி பலமாக விழுந்தது மட்டுமா காரணம்? இல்லவே இல்லை. வாத்தியார் சண்டைக்கு ஒரு சட்டம் இருந்தது. முதல் அடியை அவர் அடிக்க மாட்டார். எதிரியின் கையிலிருந்து வாள் நழுவி விழுந்தால், அதை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி மோதுவார். 1969-ல் வந்த அடிமைப் பெண்ணில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். எதிரியாக வரும் அசோகனுக்கு ஒரு கால் இல்லை. எம்.ஜி.ஆர். என்ன செய்கிறார்? தன்னுடைய ஒரு காலையும் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றே சண்டை போடுகிறார்!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ரிக்‌ஷா ஓட்டியவர், மூட்டை தூக்கியவர், முதலாளியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தவர். அவர்களுடைய நிஜ வாழ்க்கையில் நியாயமான போட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. எதிரி எப்போதும் பணத்தோடும் ஆள் பலத்தோடும்தான் வருவான். அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே அளவு வாள், ஒரே அளவு இடம். 1965-ல் எங்க வீட்டுப் பிள்ளையில், சவுக்கடி வாங்கிய அப்பாவியின் இடத்துக்கு வந்தவன் அதே சவுக்கைக் கையில் எடுக்கும்போது தியேட்டர் அதிர்ந்ததென்றால், அது பார்த்தவர்களின் சொந்தக் கணக்கு தீர்ந்த சத்தம் என்றால் மிகையாகாது.

கேமராவுக்குப் பின்னால்

நாம் டெக்னிக்கல் ஆட்கள் அல்லவா? சண்டை எப்படி வேலை செய்கிறது என்றும் பார்த்துவிடுவோம். ஒரு வாள் சண்டையில் எந்த வீச்சுக்கு எந்தத் தடுப்பு, எத்தனை அடி முன்னால், எத்தனை அடி பின்னால் என்று எல்லாம் முன்கூட்டியே எண்ணி ஒத்திகை பார்த்ததாகவே இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தை, எடுக்கும்போது அதைவிடக் குறைவாக ஓட்டினால் திரையில் வேகம் கூடித் தெரியும். டிஷ்யூம் சத்தம் பிறகு சேர்ப்பது. ஆனால் இரும்பு இரும்புதான், தரை தரைதான்! எதிரே நிற்பவன் கணக்குத் தவறினால் கண் போய்விடும். ஆகவே திரையில் ஜென்ம விரோதிகளாகத் தெரிகிற இருவரும் உண்மையில் ஒருவர் உயிரை மற்றவர் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வாள் சண்டையில் அவருக்குச் சரிஜோடி என்று பெயர் வாங்கிய நம்பியார், நிஜத்தில் சைவச் சாப்பாட்டுக்காரர், வருஷா வருஷம் சபரிமலை போகும் பக்தர்! எம்.ஜி.ஆருக்கு டூப் போட்ட கே.பி. ராமகிருஷ்ணன், சண்டைப் பயிற்சியாளர் சியாம் சுந்தர் போன்றவர்கள் உடம்பைப் பணயம் வைத்ததும் அந்த விசிலுக்குள் அடக்கம்.

அடையாறில் அவருடைய சத்யா ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி நடக்கிறது. தி.நகரில் அவர் பயன்படுத்திய வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அடிமைப் பெண்ணில் அவரோடு மோதிய சிங்கம், பாடம் செய்யப்பட்டு அங்கே நிற்கிறது. போய்ப் பாருங்கள்!

கணக்குத் தவறிய நாளும் உண்டு. 1959-ல் சீர்காழியில் இன்பக் கனவு நாடகம். மலை போன்ற உடம்புக்காரர் குண்டுமணியைத் தூக்கும் காட்சியில் எம்.ஜி.ஆரின் கால் எலும்பு முறிந்தது. மேடையில் கை தட்டல் கேட்ட அதே காட்சி அவரைப் படுக்கையில் தள்ளியது. பொறுமையாகத் தேறி வந்து, மறுபடியும் வாள் பிடித்தார்.

ஒத்திகை இல்லாத ஒரு நொடி

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீடு. அங்கே வந்த நடிகர் எம்.ஆர். ராதா துப்பாக்கியால் சுட்டார். ஒரு மாதம் முன்னால்தான் இருவரும் நடித்த பெற்றால்தான் பிள்ளையா திரைக்கு வந்திருந்தது. காதோரம் பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். இரண்டு பேருமே பிழைத்தார்கள். வழக்கு நடந்து ராதா சிறை சென்றார்.

எத்தனை சண்டை போட்ட மனிதர்! நூறு பேரைத் திரையில் வென்றவர்! அந்த ஒரு நொடியில் சிலம்பமும் உதவவில்லை, வாளும் உதவவில்லை. நிஜ வன்முறைக்கு ஒத்திகையும் கிடையாது, சட்டமும் கிடையாது, விசிலும் கிடையாது. மிஞ்சியது ஆஸ்பத்திரிக் கட்டிலும் கழுத்துக் கட்டும்தான்.

அவருடைய குரல் கெட்டுப்போனது. கணீரென்ற வசனம் போய், வார்த்தைகள் குழறின. நடிகனுக்கு இதைவிடப் பெரிய அடி வேறு உண்டா? வேறு யாரையாவது குரல் கொடுக்க வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், உடைந்த அந்தக் குரலிலேயே பேசிப் பழகி, அதே குரலோடு காவல்காரனிலும் (1967), அடிமைப் பெண்ணிலும் ஜெயித்தார். 1971-ல் ரிக்‌ஷாக்காரனில் கம்பு சுழற்றியபோது அவருக்கு வயது 54. அந்தப் படத்துக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. என்னைக் கேட்டால், அவர் போட்டதிலேயே பெரிய சண்டை அந்தக் குரலை மீட்கப் போட்ட சண்டைதான்.

மொட்டை மாடிச் சண்டைகள்

1973-ல் ஜப்பான், ஹாங்காங் எல்லாம் சுற்றி எடுத்த உலகம் சுற்றும் வாலிபன் வெளியானது. அதே வருஷம் ஜூலையில் புரூஸ் லீ 32 வயதில் மறைந்தார். அந்த புரூஸ் லீ சின்னப் பையனாக இருந்தபோது, ஹாங்காங்கின் மொட்டை மாடிகளில் போலீஸுக்குத் தெரியாமல் போட்டிச் சண்டை நடக்கும். அவரும் இறங்கினார். தெருச் சண்டையும் போலீஸ் தொல்லையும் அதிகமாகி, 1959-ல் பெற்றோர் அவரைக் கப்பல் ஏற்றி அமெரிக்கா அனுப்பிவிட்டார்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த மொட்டை மாடி ரத்தத்தை இல்லை. பிறகு வருஷக்கணக்கில் செய்த பயிற்சியைத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம பசங்களுக்கும் மொட்டை மாடி ஆசை உண்டு. பஸ் ரூட் தகராறு, சீனியர் ஜூனியர் தகராறு என்று பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடிப்பதற்குப் பெயர் வீரமாம்! வாத்தியார் படத்தில் அந்தப் பத்துப் பேர் யார் பக்கம் இருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

1977-ல் முதலமைச்சரான பிறகு அவர் சண்டைப் படங்களிலிருந்து விடைபெற்றார். 1987 டிசம்பர் 24 அன்று ராமாவரத்தில் மறைந்தார். குண்டு பாய்ந்த அதே ராமாவரம் தோட்டத்தில் இன்று காது கேளாத, வாய் பேச இயலாத குழந்தைகளுக்கான பள்ளி நடக்கிறது. அவருடைய உயில்படி வந்த ஏற்பாடு அது. காதும் குரலும் போவது என்றால் என்னவென்று தெரிந்தவர் எழுதி வைத்தது!

நண்பர்களே, சண்டைப் படம் பாருங்கள், தாராளமாக விசிலடியுங்கள். சிலம்பமோ கராத்தேயோ முறையாகக் கற்றுக்கொள்ளவும் செய்யுங்கள். ஆனால் கை ஓங்கும் முன், எதிரே நிற்பவன் கையில் வாள் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால், எடுத்துக் கொடுக்க வேண்டியது நாம்தான்.