ஓகோவே ஆற்றங்கரை மருத்துவர்

ஆல்பர்ட் ஷ்வைட்சர் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்கக் காட்டிலே நோயாளருக்குத் தொண்டு செய்தவர் என்பது ஒன்று. இந்திய ஞானிகளின் சிந்தனையைப்பற்றி நூல் எழுதி, பகவான் புத்தரையும் திருவள்ளுவரையும் மேலைநாட்டாருக்கு எடுத்துக் கூறியவர் என்பது மற்றொன்று. மூன்றாவது செய்தியொன்று உண்டு. அது நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அரசியலில் தலையிடுவதில்லை என்று வாழ்நாள் முழுதும் ஒதுங்கியிருந்த அந்த முதியவர், தமது 82-ஆம் வயதில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வல்லரசுகளை நோக்கிக் குரல் எழுப்பினார். மருத்துவர் என்ற முறையிலேயே அவர் அவ்வாறு செய்தார். அவர் அந்நிலைக்கு வந்து சேர்ந்த வரலாற்றை இங்கே கூறுவோம்.

1875-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் அல்ஸாஸ் மாகாணத்தில் கைசர்ஸ்பெர்க் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அந்நாளில் அம்மாகாணம் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. தந்தையார் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவப் போதகர். குழந்தை பிறந்த சில மாதங்களில் குடும்பம் குன்ஸ்பாக் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஷ்வைட்சர் வளர்ந்தது அங்கேதான். இரவு வழிபாட்டில் மனிதர்களுக்காக மட்டும் ஏன் வேண்டுகிறோம் என்பது சிறுவனுக்கு விளங்கவில்லை. தாய் முத்தமிட்டுச் சென்றபின், மூச்சுவிடும் எல்லா உயிர்களுக்காகவும் தானாகவே ஒரு வேண்டுதலைச் செய்துகொள்வானாம். மைத்ரி பாவனையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. அக்கிராமத்துப் பிள்ளைகளிடையே இது புதுமை. தோழன் ஒருவன் கவண் எடுத்துக்கொண்டு பறவை அடிக்க அழைத்துச் சென்றபோது, கோயில் மணியோசை கேட்டதும் அவன் கவணை எறிந்துவிட்டுப் பறவைகளைக் கூவி விரட்டிக் காப்பாற்றிய செய்தியையும் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் சமய நூலும் கற்று, 1899-இல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாரிஸில் விதோர் என்னும் இசைப் பேராசிரியரிடம் ஆர்கன் வாத்தியம் பயின்றார். பாஹ் என்ற இசை மேதையைப்பற்றி அவர் எழுதிய நூலும், இயேசுவின் வரலாற்றை ஆராய்ந்து 1906-இல் வெளியிட்ட நூலும் அவருக்குப் பெரும்புகழ் தந்தன. இவற்றோடு நின்றிருந்தாலும் அவரை உலகம் மறந்திராது. ஆனால் 21 வயதிலேயே அவர் ஒரு சங்கற்பம் செய்திருந்தார். முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது; அதன்பின் மனிதருக்கு நேராகத் தொண்டு செய்வது. 1904-இல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டது. காபோன் நாட்டிற்கு ஆட்கள் வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மறு ஆண்டே, பேராசிரியராயிருந்தவர் மாணவராகி மருத்துவக் கல்லூரியில் அமர்ந்தார்.

சங்கத்தாருக்கு அவரை ஏற்பதில் தயக்கம் இருந்தது. அவருடைய சமய ஆராய்ச்சிகள் அவர்களுக்கு உவப்பாக இல்லை. மருத்துவராக மட்டுமே வருவேன், பிரசங்கம் செய்யாமல் வாய்மூடியிருப்பேன் என்று அவர் உறுதி கூறிய பிறகே இடம் கொடுத்தார்கள். சொல்வதைவிடச் செய்வதே மேல் என்ற எண்ணம் அவருக்கு அப்பொழுதே வேரூன்றியிருந்ததால், அந்த நிபந்தனை அவருக்குப் பாரமாகத் தோன்றவில்லை.

1912-இல் ஹெலன் பிரெஸ்லா என்னும் மாதரசியை மணந்தார். கணவருக்கு உதவும்பொருட்டு அவ்வம்மையார் தாதித் தொழில் பயின்றார். 1913 மார்ச்சில் இருவரும் கப்பலேறி, அடுத்த மாதம் ஓகோவே ஆற்றங்கரையில் உள்ள லாம்பரேனேயை அடைந்தனர். தங்குமிடம் சித்தமாகுமுன்பே நோயாளிகள் திரண்டனர். பழைய கோழிக் கொட்டகை ஒன்றைச் சுண்ணாம்படித்து மருத்துவச்சாலை ஆக்கினார்கள். மலேரியா, தொழுநோய், உறக்க நோய், சீதபேதி, ஆறாப் புண், குடலிறக்கம் என நோய்களுக்குக் குறைவில்லை. ஷ்வைட்சர் அறுவை செய்ய, அம்மையார் மயக்க மருந்து கொடுப்பார்.

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் இருந்த ஜெர்மன் குடிகளாகையால் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். மனிதரைக் காப்பதற்கென்று வந்தவருக்கு, மனிதர் ஒருவரையொருவர் கொன்று குவிக்கும் செய்திகளே நாளும் வந்தன. நாகரிகம் ஏன் நிலைகுலைந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1915 செப்டம்பரில், நோயுற்றிருந்த ஒரு மாதுக்கு மருத்துவம் செய்ய ஆற்றில் படகேறிச் சென்றார். மூன்றாம் நாள் மாலை, கதிரவன் சாயும் வேளையில், படகு நீர்யானைக் கூட்டமொன்றின் ஊடே செல்லும்போது, தாம் தேடிய விடை ஒரு சொற்றொடராக அவர் உள்ளத்தில் தோன்றியது. உயிரின்பால் பயபக்தி என்று அதைத் தமிழில் கூறலாம். வாழ விரும்பும் உயிர்களின் நடுவே வாழ விரும்பும் உயிராக நான் இருக்கிறேன். ஆகவே உயிரைப் பேணுவது நன்மை, அழிப்பது தீமை என்பதே அதன் சாரம். அவருடைய அறநூல் முழுவதும் இந்த விதையிலிருந்து முளைத்ததே.

1917-இல் இருவரையும் பிரான்ஸுக்குக் கொண்டுபோய்ச் சிறைமுகாம்களில் அடைத்தனர். மறு ஆண்டு, உடல்நலம் குன்றிய நிலையில் அல்ஸாஸுக்குத் திரும்பினார். 1919-இல் அவருடைய பிறந்த நாளன்றே மகள் ரேனா பிறந்தாள். சொற்பொழிவாற்றியும் ஆர்கன் வாசித்தும் பொருள் திரட்டி, 1924-இல் மீண்டும் லாம்பரேனே சென்றார். பழைய மருத்துவச்சாலை இடிந்து காடு மண்டிக் கிடந்தது. முதலில் அதைச் செப்பனிட்டவர், பிறகு ஆற்றின் மேற்பகுதியில் பெரியதோர் இடத்தைத் தேர்ந்து, மரம் வெட்டித் தூண் நட்டு, 1927-இல் புதிய மருத்துவமனைக்குக் குடிபுகுந்தார்.

1935-இல் இந்திய சிந்தனையைப்பற்றிய நூல் வெளிவந்தது. உலகையும் வாழ்வையும் மறுப்பது இந்திய ஞானத்தின் அடிப்படை என்றும், அதனால் இங்குப் பிறந்த அஹிம்சை முதலில் இரக்கத்தினின்றன்றி, உலகின் அழுக்குப் படாதிருக்கும் விருப்பத்தினின்று தோன்றியது என்றும் அவர் வாதித்தார். உள்ளத் தூய்மையின் அறத்தைப் படைத்தவர் என்று பகவான் புத்தரைப் போற்றினார். ஆயினும், துன்புறும் உயிருக்குச் செயலால் உதவவேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை எனக் குறை கண்டார். திருக்குறளிலோ செயலில் இறங்கும் அன்பைக் கண்டு வியந்தார். அவருடைய கருத்துக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் 1939-இல் வெளியிட்ட நூலில் விரிவான மறுப்பு எழுதினார். சீதபேதியால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைத் தம் கையால் கழுவிக் கட்டிலில் கிடத்திய பகவானின் வரலாறு விநய பிடகத்தில் உள்ளது. ஷ்வைட்சர் அதற்கு உரிய இடம் கொடுத்திருந்தால் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார் என்பது நம் எண்ணம். இருந்தபோதிலும், கருணை செயலாக வேண்டுமா என்று அவர் நம்மிடம் எழுப்பிய கேள்வி, இருபது ஆண்டுகளுக்குப்பின் அவர் முன்னேயே வந்து நின்றது.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. 1954 மார்ச் 1-ஆம் நாள் பசிபிக் கடலில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சாம்பல் மழை மார்ஷல் தீவுகளின் குடிமக்கள்மீதும், அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீதும் பொழிந்தது. படகில் 23 பேர் இருந்தனர். அதன் தந்தி இயக்குநர் குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் மாண்டார். ஏப்ரல் மாதமே நேரு அவர்கள் நமது பாராளுமன்றத்தில், சோதனைகளையாவது முதலில் நிறுத்திவைக்குமாறு வல்லரசுகளை வேண்டினார்.

ஷ்வைட்சர் அப்பொழுது சமாதானத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். 1952-ஆம் ஆண்டுக்குரிய அப்பரிசின் பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்புக் கட்டுவதற்குச் செலவிட்டார். பிகினிக்குப்பின் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், உண்மையை உலகுக்குச் சொல்லவேண்டியவர்கள் விஞ்ஞானிகளே என்றார். 1954 நவம்பரில் ஆஸ்லோ நகரில் ஆற்றிய பரிசுப் பேருரையிலும் புதிய ஆயுதங்களைப்பற்றிக் கவலை தெரிவித்தார். ஆனால் சோதனைகளை நிறுத்துக என்று வெளிப்படையாக முழங்கவில்லை. தாம் பௌதிக விஞ்ஞானியல்லர், அரசியலும் தம் துறையன்று என்ற தயக்கம் இருந்தது. ஒரு கட்சிக்குச் சார்பானவர் என்ற பெயர் வந்தால் மருத்துவமனைக்கும் இடையூறு வரலாம்.

1957 ஜனவரியில் நார்மன் கஸின்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் லாம்பரேனேக்கு வந்தார். உலகம் யாருடைய சொல்லைக் கேட்குமோ அவர் பேசாதிருக்கலாகாது என்று அவர் பல நாள் வாதாடினார். முதியவர் இணங்கினார். ஆனால் உணர்ச்சி உரை எழுத அவர் உட்காரவில்லை. மருத்துவர் நோயை ஆராய்வதுபோல, கதிரியக்கத்தைப்பற்றிய விஞ்ஞானச் செய்திகளைக் கற்று, தெளிந்தபின்னரே எழுதினார்.

அவ்வறிக்கை 1957 ஏப்ரலில் ஆஸ்லோ வானொலி வழியாக உலகெங்கும் ஒலிபரப்பாயிற்று. நோபல் குழுவின் தலைவர் குன்னார் யான் அதைப் படித்தார். அதில் நோய்க்குறியும் நோய்க்காரணமும் இருந்தன. குண்டு வெடித்து எழும் தூசி காற்றோடு உலகைச் சுற்றி, மழையோடு இறங்கி, புல்லில் படிகிறது. புல்லை மாடு தின்கிறது. பாலைக் குழந்தை குடிக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் 90 என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் போன்றதாகையால், உடல் அதை வேறுபிரித்தறியாமல் எலும்பிலே சேர்த்துவைக்கிறது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அது எலும்பிலிருந்து மச்சையைத் தாக்கி இரத்தத்தைக் கெடுக்கும். சிறிதளவு நஞ்சுதானே என்போருக்கு அவர் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றை உதாரணம் காட்டினார். அணு உலைகளின் கழிவு கலந்த அந்நீரில் கதிரியக்கம் அற்பமே. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களிலோ அது 2,000 மடங்கு. அவற்றைத் தின்னும் வாத்துகளில் 40,000 மடங்கு. நீர்ப்பறவை முட்டையின் மஞ்சட்கருவில் பத்து இலட்சம் மடங்குக்கும் மேல். பிறவாத தலைமுறைகளுக்கு நேரும் கேட்டையும் அவர் விரித்துரைத்தார். யுத்தம் மூளாமலே, சோதனைகளாலேயே மனிதகுலம் நோயுறுகிறது என்பது அவர் கண்ட நோய்நிதானம்.

அமெரிக்க அணுசக்திக் கமிஷனைச் சேர்ந்த லிப்பி என்னும் விஞ்ஞானி உடனே பகிரங்கக் கடிதம் எழுதினார். நாட்டுப் பாதுகாப்பின் தேவையோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்து சிறியது என்பது அவர் வாதம். அமெரிக்க அரசாங்க வட்டாரத்தில் ஷ்வைட்சரை ஐயுறவோடு நோக்கலாயினர். பொதுவுடைமைவாதிகளின் கையில் கருவியாகிவிட்டார் என்ற அவதூறும் எழுந்தது. இந்த ஆரவாரத்தின் நடுவே, ஜூன் 1-ஆம் நாள், அம்மையார் ஹெலன் ஸ்விட்ஸர்லாந்தில் காலமானார். அவருடைய அஸ்தி லாம்பரேனேயில் அடக்கம் செய்யப்பட்டது.

துயரத்தைக் காரணமாக்கி முதியவர் ஒதுங்கவில்லை. 1958 ஏப்ரல் 28, 29, 30 ஆகிய மூன்று நாட்களும் அவருடைய மூன்று உரைகள் ஆஸ்லோவிலிருந்து மீண்டும் ஒலிபரப்பாயின. சோதனைகளை விடுவது, அணு யுத்தத்தின் அபாயம், தலைவர்கள் நேரிற் கூடிப் பேசுவது என்பன அவற்றின் பொருள். ஏவுகணை யுகத்தில், தவறான ஓர் எச்சரிக்கையும் சில நிமிஷ அவசரமுமே பேரழிவுக்குப் போதும் என்று எடுத்துக் காட்டினார். அரசுகளை நம்புவதைவிட மக்களின் கருத்தைத் திரட்டுவதே வழி என்பது அவர் துணிபு.

அவரைக் குறையே இல்லாதவராக்கிக் காட்டுவது நேர்மையாகாது. ஆப்பிரிக்க மக்களுக்குத் தம்மை மூத்த சகோதரனாகக் கருதிய அவர், அவர்களைச் சரிசமமாக ஏற்கத் தயங்கினார். அவர்களுடைய சுதந்தர வேட்கையை முழுதும் உணரவில்லை. 1960-இல் காபோன் விடுதலை பெற்ற பின்னர் இக்குறை பலரால் கண்டிக்கப்பட்டது, கண்டனம் நியாயமானதே. எல்லா உயிரையும் போற்றியவர் அருகிலிருந்த மனிதனின் உரிமையைக் குறைவாக மதித்தது விசித்திரம்.

1958 இறுதியில் வல்லரசுகள் தாமாகவே சோதனைகளை நிறுத்திவைத்தன. 1961 செப்டம்பரில் ரஷ்யா மீண்டும் தொடங்கியது, அமெரிக்காவும் தொடர்ந்தது. லாம்பரேனேயிலிருந்து கடிதங்கள் சென்றவண்ணம் இருந்தன; கென்னடிக்கும் அவர் எழுதினார். 1963 ஆகஸ்டு 5-ஆம் நாள் மாஸ்கோவில், காற்றிலும் கடலிலும் வான்வெளியிலும் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதைக் கேட்ட 88 வயது முதியவர் கென்னடிக்கு மகிழ்ந்து எழுதினார். நிலத்தடிச் சோதனைகளை அது தடுக்கவில்லை. எனினும் மழையில் நஞ்சு இறங்குவது பெரிதும் குறைந்தது.

இதற்கிடையே மற்ற மருத்துவர்களும் எழுந்துவிட்டனர். அமெரிக்காவில் ஸெயின்ட் லூயி நகரத்தில், லூயிஸ் ரீஸ் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால், விழுந்த பாற்பற்களைக் குழந்தைகளிடமிருந்து சேகரித்து ஆராய்ந்தார்கள். சோதனைகள் பெருகப் பெருகப் பற்களில் ஸ்ட்ரான்ஷியமும் பெருகியது தெரிந்தது. 1961-இல் பாஸ்டன் நகரில் மருத்துவர் சங்கமொன்று தோன்றியது. அதில் முன்னின்ற பெர்னார்ட் லவுன், 1980-இல் ரஷ்ய மருத்துவர் சாஸோவுடன் சேர்ந்து உலக மருத்துவர் இயக்கத்தைத் தொடங்கினார்; 1985-இல் அவ்வியக்கம் நோபல் பரிசு பெற்றது. நம் நாட்டு மருத்துவர்களும் அதில் சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை இல்லாமற் போகவில்லை. 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் குண்டுகள் வெடித்தன; இரண்டாம் முறை வெடிப்பு தொடங்கியது வைசாகப் பௌர்ணமி நாளிலேயே. முதல் வெடிப்புக்குப் புத்தர் பெயரையே சூட்டினார்கள். 2017-இல் அணு ஆயுதங்களை அறவே விலக்கும் உடன்படிக்கை ஐக்கிய நாட்டு மன்றத்தில் நிறைவேறி, 2021 ஜனவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடு எதுவும் அதில் சேரவில்லை.

ஷ்வைட்சர் 1965 செப்டம்பர் 4-ஆம் நாள், தமது 90-ஆம் வயதில், லாம்பரேனேயிலேயே காலமானார். அம்மையாரின் அஸ்தி உறங்கும் இடத்தின் பக்கத்தில், ஓகோவே ஆற்றங்கரையில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையின்மேல் சாதாரணச் சிலுவை ஒன்று நிற்கிறது.